புராஸ்டேட் வீக்கம்: எந்த மாத்திரை எதற்காக, எவ்வளவு காலம்?

எங்கள் சிறுநீரகவியல் புறநோயாளர் பிரிவுக்கு வரும் முதியவர்களுள் பலர், தாம் வந்த காரணத்தைத் தாமாகச் சொல்வதில்லை. உடன் வந்திருக்கும் மனைவியோ மகனோதான் பேச்சைத் தொடங்குகிறார்: "இரவில் நான்கைந்து முறை எழுந்திருக்கிறார், டாக்டர்." பெரியவர் தலை குனிந்தபடி, "வயதானால் இப்படித்தானே" என்று முடித்துவிடுகிறார். பின்னர் மெல்லக் கேட்டால் மற்றவை வெளிவருகின்றன. வெளியூர்த் திருமணங்களுக்குப் போவதை அவர் நிறுத்திவிட்டிருக்கிறார். பேருந்துப் பயணம் என்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. கோயிலுக்குச் சென்றாலும் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதையே முதலில் பார்த்துக்கொள்கிறார்.

இந்தத் தொல்லைக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது புராஸ்டேட் சுரப்பியின் வீக்கம். இதற்கு இன்று நல்ல மருந்துகள் உள்ளன. ஆனால் எல்லா மாத்திரையும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒரே வேகத்தில் பலன் தருவதும் இல்லை. எந்த மாத்திரை எதற்கு என்பது தெரியாமல் பாதியில் நிறுத்துவோர் பலர். அவர்களுக்காகவும் அவர்களது குடும்பத்தாருக்காகவும் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

சுரப்பி வளர்ந்தால் என்ன ஆகிறது?

புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பையின் அடியில், சிறுநீர் வெளியேறும் பாதையைச் சுற்றி அது அமைந்திருக்கிறது. இளம் வயதில் அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். நாற்பது வயதுக்குப் பின் பலருக்கு அது மெல்ல வளரத் தொடங்குகிறது. அறுபது வயதை எட்டும்போது ஏறத்தாழ பாதிப் பேரிடமும், எண்பதைக் கடந்தோரில் மிகப் பெரும்பாலோரிடமும் இவ்வளர்ச்சி காணப்படுகிறது. நரை விழுவதைப் போல இதுவும் வயதோடு வருவதே. வளர்ந்த அனைவருக்கும் தொல்லை வருவதில்லை; சுரப்பி பெரிதாக இருந்தும் சிரமமின்றி வாழ்வோர் உண்டு, சிறிதாக இருந்தும் அவதிப்படுவோர் உண்டு.

பலர் கேட்க அஞ்சும் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறோம். இவ்வீக்கம் புற்றுநோய் அன்று. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆயினும் ஒரே சுரப்பியில் இரண்டும் தனித்தனியே தோன்ற இயலும். ஆகவேதான் ஆசனவாய் வழியே விரலால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையையும், தேவையானவர்களுக்கு பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனையையும் செய்கிறோம்.

வீங்கிய சுரப்பி சிறுநீர்ப் பாதையை இரண்டு விதமாக நெருக்குகிறது. முதலாவது, அதன் பருமன்; பெருத்த சதை பாதையை அழுத்துகிறது. இரண்டாவது, அதன் இறுக்கம். சுரப்பியிலும் சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதியிலும் உள்ள மென்தசைகள் சுருங்கி, பாதையை மேலும் குறுக்குகின்றன. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால், மருந்துகளின் வேலையைப் புரிந்துகொள்வது எளிது. ஒரு வகை மருந்து இறுக்கத்தைத் தளர்த்துகிறது. மற்றொரு வகை பருமனைக் குறைக்கிறது.

எல்லோருக்கும் மருந்து வேண்டுமா?

வேண்டியதில்லை. தொல்லையின் அளவை அறிய ஏழு கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை நிரப்பச் சொல்கிறோம். சிறுநீர் முழுவதும் கழிந்த உணர்வு இருக்கிறதா, தாரை மெலிந்துள்ளதா, விட்டுவிட்டு வருகிறதா, முக்க வேண்டியிருக்கிறதா, இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்பன போன்றவை அக்கேள்விகள். மொத்த மதிப்பெண் 35. ஏழு வரை இருந்தால் தொல்லை குறைவு. 8 முதல் 19 வரை நடுத்தரம். 20-க்கு மேல் கடுமை. இத்துடன் சிறுநீர்ப் பரிசோதனை, தேவைக்கேற்ப சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனை, சுரப்பியின் அளவையும் சிறுநீர் கழித்தபின் பையில் தங்கும் நீரின் அளவையும் காட்டும் ஸ்கேன் ஆகியவற்றையும் செய்கிறோம்.

தொல்லை குறைவாக இருந்தால் பழக்கங்களைத் திருத்துவதே முதல் சிகிச்சை. படுக்கைக்குச் செல்வதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் தண்ணீர், காப்பி, தேநீர் ஆகியவற்றைக் குறைக்க வேண்டும். பகலில் தண்ணீரைக் குறைக்கக் கூடாது. மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரத்த அழுத்தத்துக்காகவோ கால் வீக்கத்துக்காகவோ சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரை சாப்பிடுவோர், அதை எந்த நேரத்தில் சாப்பிடலாம் என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். சிறுநீர் கழித்தபின் சற்றுப் பொறுத்து மீண்டும் ஒருமுறை முயல்வதும் பயன்தரும்.

இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்துகள்

டாம்சுலோசின், சிலோடோசின், அல்ஃபுசோசின், டாக்சசோசின் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. நாங்கள் பெரும்பாலும் முதலில் எழுதித் தருபவையும் இவையே. சில நாள்களிலேயே, அல்லது ஓரிரு வாரங்களுக்குள், சிறுநீர்த் தாரை சற்று விரைவாவதையும் இரவில் எழும் முறை குறைவதையும் பலர் உணர்கிறார்கள்.

ஆனால் இவை சுரப்பியைச் சிறிதாக்குவதில்லை. அதன் வளர்ச்சியை நிறுத்துவதும் இல்லை. மாத்திரையை நிறுத்தினால் தொல்லை திரும்பிவிடும். "நன்றாகிவிட்டது, இனி வேண்டாம்" என்று தாமே நிறுத்துவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இம்மருந்துகளைச் சாப்பிடுவோர் நான்கு செய்திகளை அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, தலைச்சுற்றல். படுத்த நிலையிலிருந்து எழுந்ததும் இரத்த அழுத்தம் சற்றுக் குறையலாம். ஆகவே இரவில் எழும்போது கட்டிலின் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பின்னர் எழுந்து நடக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு வேறு மாத்திரைகள் சாப்பிடுவோர் அவற்றின் பட்டியலை எங்களிடம் காட்ட வேண்டும். டாக்சசோசின் போன்றவற்றைச் சில நாள்கள் விட்டுவிட்டால், பழைய அளவிலேயே மீண்டும் தொடங்காமல் எங்களைக் கேட்டுத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, விந்து வெளிப்படுதல் குறைதல். சிலோடோசினில் இது அதிகம், டாம்சுலோசினிலும் நிகழலாம். விந்து வெளியே வராமல் போவதால் உடலுக்குக் கேடு எதுவும் இல்லை. மருந்தை நிறுத்தினால் பழைய நிலை திரும்பும். ஆயினும் முன்கூட்டியே தெரியாவிட்டால் அச்சம் தரும் என்பதால் சொல்லிவைக்கிறோம்.

மூன்றாவது, மூக்கடைப்பு. சிலருக்கு இது மருந்தாலேயே வருகிறது. சளி என்று எண்ணிக் கடையில் மாத்திரை வாங்கக் கூடாது. அதன் காரணத்தைப் பின்னர் கூறுகிறோம்.

நான்காவது, கண்புரை அறுவைச் சிகிச்சை. இம்மருந்துகள், குறிப்பாக டாம்சுலோசின், கண்ணின் கருவிழிப் படலத்தைத் தளர்ச்சியடையச் செய்து அறுவைச் சிகிச்சையைக் கடினமாக்கக்கூடும். இது 2005-ஆம் ஆண்டில் மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. மருந்தை நிறுத்தினாலும் இவ்விளைவு முற்றிலும் நீங்குவதில்லை. ஆகவே நீங்களாக நிறுத்த வேண்டாம். இந்த மாத்திரை சாப்பிடுகிறேன், அல்லது முன்பு சாப்பிட்டேன் என்று கண் மருத்துவரிடம் சொன்னாலே போதும். முன்கூட்டித் தெரிந்தால் அவர் அதற்கேற்ப ஆயத்தம் செய்துகொள்வார்.

பருமனைக் குறைக்கும் மருந்துகள்

ஃபினாஸ்டரைடு 5 மில்லிகிராம், டுடாஸ்டரைடு 0.5 மில்லிகிராம் ஆகிய இரண்டும் இவ்வகையின. இவை பிறந்த வரலாறு சுவையானது. 1974-ஆம் ஆண்டில் ஜூலியான் இம்பெராடோ மெக்கின்லி என்னும் மருத்துவரும் அவரது குழுவினரும் டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்த சில குடும்பங்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். அக்குடும்பங்களில் சிலருக்கு, ஆண் இயக்குநீரான டெஸ்டோஸ்டிரோனை அதைவிட வலிமைமிக்க மற்றொரு பொருளாக மாற்றும் நொதி பிறவியிலேயே குறைவாக இருந்தது. அவர்களது புராஸ்டேட் சுரப்பி வாழ்நாள் முழுவதும் சிறியதாகவே இருந்தது. அந்த நொதியை மருந்தால் தடுத்தால் முதியவர்களின் புராஸ்டேட்டையும் சுருக்கலாமே என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்தது. அவ்வழியில் உருவான ஃபினாஸ்டரைடு 1992-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இம்மருந்துகள் சுரப்பியின் அளவை ஏறத்தாழ கால் பங்கு வரை குறைக்கின்றன. ஆனால் பொறுமை தேவை. பலனை உணர ஆறு மாதங்கள் ஆகலாம். சுரப்பி பெரிதாக, அதாவது 30 முதல் 40 கிராமுக்கு மேல் இருப்பவர்களுக்கே இவை பயன்தரும். சிறிய சுரப்பி உடையவர்களுக்கு நாங்கள் எழுதித் தருவதில்லை.

இவ்விடத்தில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு, சுரப்பி பெரிதாக இருந்ததால், டாம்சுலோசினும் ஃபினாஸ்டரைடும் சேர்த்து எழுதித் தந்தோம். ஒரு வாரத்தில் அவருக்கு நிம்மதி கிடைத்தது. அந்த நிம்மதி எந்த மாத்திரையால் வந்தது என்பது அவருக்குத் தெரியாது. ஒரு மாதம் ஃபினாஸ்டரைடு வாங்க விட்டுப்போயிற்று. வேறுபாடு எதுவும் தெரியவில்லை. செலவாவது மிஞ்சட்டும் என்று அதை நிறுத்திவிட்டு, மற்றதை மட்டும் தொடர்ந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, நீண்ட பேருந்துப் பயணம் முடிந்து வந்த ஓர் இரவில், ஒரு சொட்டுச் சிறுநீரும் வராமல் வயிறு உப்பி, வலியில் துடித்தபடி அவசரப் பிரிவுக்கு வந்தார். குழாய் வைத்துச் சிறுநீரை வெளியேற்றிய பிறகு அமைதியாகக் கேட்டார்: "அந்த மாத்திரைக்கு ஆறு மாதம் ஆகும் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேனே?"

அவரது பழைய மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்தோம். மருந்தின் பெயரும் சாப்பிட வேண்டிய வேளையும் மட்டுமே இருந்தன. எதற்காக, எவ்வளவு காலம் என்பதை நாங்கள் எழுதவில்லை. அவர் தொடர்ந்து சாப்பிட்டிருந்தால் அடைப்பே வந்திருக்காது என்று உறுதி கூற இயலாது. ஆயினும் அதற்கான வாய்ப்பு குறைந்திருக்கும். அன்று முதல் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே "தளர்த்துவதற்கு", "சுருக்குவதற்கு, ஆறு மாதம் பொறுக்கவும்" என்று தமிழில் எழுதித் தருகிறோம். எழுதப்படாமல் இருந்தால், நீங்கள் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பருமனைக் குறைக்கும் மருந்துகளைப் பற்றி மேலும் சில குறிப்புகள்:

சிலருக்குப் பாலுறவு விருப்பம் குறைதல், விறைப்புத் தன்மை குறைதல், மார்பு வீக்கம் அல்லது வலி ஆகியவை தோன்றலாம். மனச்சோர்வு தென்பட்டாலும் எங்களிடம் சொல்ல வேண்டும். இதில் கூச்சப்பட எதுவும் இல்லை. மருந்தை மாற்ற வழி உண்டு.

இம்மருந்துகள் பி.எஸ்.ஏ. அளவை, ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள், ஏறத்தாழ பாதியாகக் குறைக்கின்றன. அப்போது 3 என்று வரும் முடிவு உண்மையில் 6-க்கு இணையானது. இம்மருந்து சாப்பிடுவது தெரியாத மருத்துவர் அதை இயல்பான முடிவு என்று கருதிவிடலாம். முடி உதிர்வுக்காக ஃபினாஸ்டரைடைக் குறைந்த அளவில் சாப்பிடுவோருக்கும் இது பொருந்தும்.

கருவுற்றிருக்கும் பெண்கள் உடைந்த ஃபினாஸ்டரைடு மாத்திரையையோ, கசியும் டுடாஸ்டரைடு கேப்சூலையோ தொடக் கூடாது. கருவிலுள்ள ஆண் குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்கலாம். வீட்டில் மருமகளோ மகளோ பெரியவருக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது வழக்கமானால் இதைக் கவனியுங்கள். இம்மருந்து சாப்பிடும் காலத்தில் இரத்த தானம் செய்யக் கூடாது. நிறுத்திய பின்னும் ஃபினாஸ்டரைடுக்கு ஒரு மாதமும் டுடாஸ்டரைடுக்கு ஆறு மாதமும் பொறுக்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்துத் தருவது ஏன்?

அமெரிக்காவில் 3,047 ஆண்களிடம் சராசரியாக நாலரை ஆண்டுகள் நடைபெற்ற ஓர் ஆய்வின் முடிவு 2003-இல் வெளிவந்தது. மருந்தற்ற மாத்திரை சாப்பிட்டோரில், ஓராண்டில் நூறு பேருக்கு ஏறத்தாழ 4.5 பேர் என்ற கணக்கில் நோய் முற்றியது. டாக்சசோசின், ஃபினாஸ்டரைடு இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டோரில் அது 1.5 ஆகக் குறைந்தது. அதாவது மூன்றில் ஒரு பங்கு. மற்றொரு செய்தியும் அதில் தெரிந்தது: டாக்சசோசின் மட்டும் சாப்பிட்டவர்களுக்குத் தொல்லை குறைந்தது, ஆனால் திடீர் நீரடைப்பும் அறுவைச் சிகிச்சையும் நீண்ட காலத்தில் குறையவில்லை. ஃபினாஸ்டரைடு சாப்பிட்டவர்களுக்கே அவை குறைந்தன.

சுருங்கச் சொன்னால், தளர்த்தும் மாத்திரை இன்றைய நிம்மதிக்கு. சுருக்கும் மாத்திரை நாளைய பாதுகாப்புக்கு. சுரப்பி பெரிதாகவும் தொல்லை மிகுதியாகவும் இருப்போருக்கு இரண்டும் தேவைப்படும். இரண்டும் சேர்ந்த ஒரே கேப்சூலும் கிடைக்கிறது. பக்க விளைவுகளும் சேர்ந்தே வரலாம் என்பதால், எல்லோருக்கும் தொடக்கத்திலேயே இரண்டையும் தருவதில்லை.

வேறு சில மருந்துகள்

டடலாஃபில் 5 மில்லிகிராம், நாள்தோறும் ஒன்று: விறைப்புக் குறைபாட்டுக்கான இம்மருந்து சிறுநீர்த் தொல்லையையும் குறைக்கிறது. இரண்டு குறையும் உள்ளவர்களுக்கு ஏற்றது. ஆனால் நெஞ்சுவலிக்காக நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரைகளைப் பயன்படுத்துவோர் இதை ஒருபோதும் சாப்பிடக் கூடாது. இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

சிறுநீர்ப்பையை அமைதிப்படுத்தும் மருந்துகள்: திடீரென்று அவசரமாக வருவதும் அடக்க முடியாமல் போவதும் முக்கியத் தொல்லையானால் சாலிஃபெனாசின், டால்டெரோடின் அல்லது மிராபெக்ரான் சேர்க்கப்படலாம். முதல் இரண்டும் வாய் உலர்தல், மலச்சிக்கல், முதியவர்களிடம் மறதியும் குழப்பமும் உண்டாக்கக்கூடும். மிராபெக்ரான் இரத்த அழுத்தத்தை உயர்த்தலாம். சிறுநீர் கழித்தபின் பையில் அதிக நீர் தங்குவோருக்கு இவற்றைத் தருவதில் கவனம் தேவை. ஆகவே ஸ்கேன் பார்த்த பின்பே தருகிறோம்.

மூலிகைகள்: 'சா பால்மெட்டோ' என்னும் பனைவகைத் தாவரத்தின் சாற்றைக் கொண்ட கேப்சூல்கள் விற்கப்படுகின்றன. 2006-இல் வெளிவந்த கட்டுப்பாடான ஆய்வில், அது மருந்தற்ற கேப்சூலைவிட மேலான பலன் தரவில்லை. நம் வீடுகளில் நெருஞ்சில் குடிநீர் போன்றவற்றை அருந்துவோரும் உண்டு. அவற்றைச் சாப்பிட்டால் ஒளிக்காமல் எங்களிடம் சொல்லுங்கள். கண்டிப்பதற்காகக் கேட்பதில்லை, பிற மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று பார்க்கவும், அவற்றை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் இருக்கவும்தான்.

கடையில் வாங்கும் சளி மாத்திரை

சளி, தும்மல், மூக்கடைப்பு ஆகியவற்றுக்கான பல மாத்திரைகளில் ஃபினைலெஃப்ரின், குளோர்ஃபெனிரமின் போன்றவை சேர்ந்திருக்கின்றன. முதலாவது புராஸ்டேட் தசையை இறுக்குகிறது. இரண்டாவது சிறுநீர்ப்பையின் தள்ளும் ஆற்றலைக் குறைக்கிறது. வீங்கிய புராஸ்டேட் உள்ளவருக்கு இவை திடீர் நீரடைப்பை உண்டாக்கலாம். ஆகவே மருந்துக் கடையில் எந்த மாத்திரை கேட்டாலும், "எனக்குப் புராஸ்டேட் தொல்லை உண்டு" என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

மருந்து போதாத நிலை

பின்வருவனவற்றுள் எது நேர்ந்தாலும் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்க வேண்டாம்: சிறுநீர் முற்றிலும் வராமல் அடிவயிறு உப்பி வலித்தல்; சிறுநீரில் இரத்தம்; குளிருடன் காய்ச்சல்; உறக்கத்தில் தம்மை அறியாமல் சிறுநீர் கசிதல். இவற்றுள் முதலாவது நேர்ந்தால் இரவு எந்நேரமானாலும் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். தண்ணீர் அதிகம் குடித்தால் வந்துவிடும் என்று குடிப்பது வலியைத்தான் கூட்டும்.

மீண்டும் மீண்டும் நீரடைப்பு, தொடர்ந்த கிருமித் தொற்று, சிறுநீர்ப்பையில் கல், சிறுநீரகப் பாதிப்பு, புராஸ்டேட்டிலிருந்து அடிக்கடி இரத்தக் கசிவு, மருந்தால் குறையாத தொல்லை ஆகியவை இருந்தால் அறுவைச் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறோம். இன்று அது பெரும்பாலும் வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர்ப் பாதை வழியே கருவியைச் செலுத்திச் செய்யப்படுகிறது. மருந்து தோற்றதற்கான தண்டனையாக அதைக் கருத வேண்டாம். உரிய காலத்தில் செய்தால் சிறுநீர்ப்பையும் சிறுநீரகமும் காக்கப்படும். மிகவும் தாமதித்தால், அடைப்பை நீக்கிய பின்னும் தளர்ந்துபோன சிறுநீர்ப்பை பழைய ஆற்றலைப் பெறாமல் போகலாம்.

குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள்

படுக்கையறையிலிருந்து கழிப்பறை வரை இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். பாதையில் வழுக்கும் மிதியடியோ மின்கம்பியோ வேண்டாம். இத்தொல்லைக்காக இரவில் எழுந்து, இருட்டில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து வரும் முதியவர்களை நாங்கள் காண்கிறோம். கழிப்பறையில் அதிக நேரம் ஆகிறது என்று கதவைத் தட்டி அவசரப்படுத்தாதீர்கள்.

அடுத்த முறை வரும்போது மூன்றைக் கொண்டுவாருங்கள்: சாப்பிடும் எல்லா மருந்துகளின் அட்டைகள், பழைய பி.எஸ்.ஏ. மற்றும் ஸ்கேன் முடிவுகள்; மூன்று நாள்களுக்கு, எந்த நேரத்தில் எவ்வளவு குடித்தார், எப்போது எவ்வளவு சிறுநீர் கழித்தார் என்று எழுதிய ஒரு தாள். அளவு பார்க்க ஒரு பழைய அளவுக் குவளை போதும். பல வேளைகளில், எந்த மாத்திரை தேவை என்பதை அந்த ஒரு தாளே எங்களுக்குச் சொல்லிவிடுகிறது.

அந்த ஆசிரியர் இப்போது நலமாக இருக்கிறார். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வருகிறார். வரிசையில் பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்து, "எதற்கு என்று எழுதியிருக்கிறார்களா?" என்று கேட்கிறார். நீங்களும் கேளுங்கள்.